இந்தியாவில் மருத்துவ ஆய்வு நிதியும் சக மதிப்பாய்வும்

ஓர் ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் தரலாமா என்பதை, அத்துறை அறிந்த பிற ஆய்வாளர்கள் படித்துப் பரிந்துரைக்கும் முறை சக மதிப்பாய்வு எனப்படும். ஆய்விதழ்க் கட்டுரைகளைச் சரிபார்ப்பதற்கும் இதே பெயர் உண்டு. இக்கட்டுரை நிதி வழங்கலைப் பற்றியது. இம்முறையின் வரலாறு நெடுகிலும் எழும் கேள்வி, 'சக' ஆய்வாளர் என்று யாரைக் கொள்வது என்பதே.

இந்தியாவில் இது இந்திய ஆய்வு நிதிச் சங்கத்திலிருந்து தொடங்குகிறது. அதன் ஆட்சிக் குழு முதன்முதலாக 1911 நவம்பர் 15 அன்று பம்பாய் பிளேக் ஆய்வகத்தில் கூடியது. திட்டங்களை ஆராய்ந்து சொல்ல அறிவியல் ஆலோசனைக் குழு ஒன்றும் இருந்தது. ஆனால் பணம் கேட்டவர்களும் அதை எடைபோட்டவர்களும் பெரும்பாலும் இந்திய மருத்துவப் பணி என்ற ஒரே அரசுப் பணியின் அதிகாரிகள். அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த இந்திய மருத்துவர்களுக்கு இது நீண்டகால மனக்குறை.

வட்டத்துக்குள் இருந்தவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. குன்னூரில் 1918 முதல் ராபர்ட் மெக்காரிசன் நடத்திவந்த ஊட்டச்சத்துக் குறைபாட்டு ஆய்வு, 1923இல் இஞ்ச்கேப் சிக்கனக் குழுவின் செலவுக் குறைப்பால் நின்றது. ஆய்வு தரமற்றது என்று எந்த அறிவியலாளரும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தவர்கள் நிறுத்தினார்கள். 1925இல்தான் அது மீண்டும் தொடங்கியது. பிற்காலத்தில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது இந்த ஆய்வகமே.

உலக அளவில் இம்முறைக்கு இன்றைய வடிவம் தந்தது அமெரிக்கா. அங்கே தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1946இல் துறைவாரி ஆய்வுக் குழுக்களை அமைத்து, வெளி வல்லுநர்களிடம் விண்ணப்பங்களை ஒப்படைத்தன.

இந்தியச் சங்கம் 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாக (ஐ.சி.எம்.ஆர்.) மாறியது. முதல் இயக்குநர் சி. ஜி. பண்டிட், அதற்குமுன் சென்னை கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர்.

வல்லுநர்கள் ஆராய்ந்து ஏற்ற திட்டமும் எதிர்பாராத முடிவைத் தரலாம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில், 1968 முதல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு நடந்தது. உலக நலவாழ்வு அமைப்பும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணியும் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்திய இதில் சுமார் 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது கள ஊழியருக்கும் தெரியாது. 1979இல் வெளியான முதல் அறிக்கை, நுரையீரல் காசநோயிலிருந்து தடுப்பூசி காக்கவில்லை என்றது. உடனே வல்லுநர் குழுக்கள் கூடி ஆய்வு முறையைத் துருவிப் பார்த்தன. பிழையான முறை என்று தள்ளிவிட அவர்களால் இயலவில்லை. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளைத் தடுப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஊசி இன்றும் போடப்படுகிறது.)

ஊசி போட்டுக்கொண்ட கிராமத்தாருக்கு இந்த மேசைகள் எதிலும் இடமில்லை. மனிதர்மீது நடத்தும் ஆய்வுகளுக்கான நெறிமுறை அறிக்கையை ஐ.சி.எம்.ஆர். 1980இல் வெளியிட்டது. இன்று ஒவ்வொரு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிலும் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும். ஆனால் அவர் பார்ப்பது ஆய்வு நியாயமானதா என்பதைத்தான்; பணம் யாருக்கு என்பது அவர் கையில் இல்லை.

அந்த முடிவில் விண்ணப்பதாரரின் பெயர் எவ்வளவு செல்வாக்குச் செலுத்துகிறது? அமெரிக்க விண்ணப்பங்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, பிற தகுதிகளைக் கணக்கில் கொண்ட பிறகும் கறுப்பின ஆய்வாளர்கள் நிதி பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிட சுமார் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு என்று கண்டது. அங்கே மதிப்பீட்டாளருக்கு விண்ணப்பதாரரைத் தெரியும். விண்ணப்பதாரருக்குத் தம் விண்ணப்பத்தைப் படித்தவர் இன்னார் என்று தெரியாது.

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்காக 1979இல் தொடங்கிய ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால ஆய்வு உதவித் திட்டம் வேறு வழியில் செல்கிறது. மாணவர், வழிகாட்டி, கல்லூரி ஆகிய பெயர்கள் திட்டவரைவுக்குள் தெரியக் கூடாது. கேளம்பாக்கத்தில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரியில் படிப்பவரின் வரைவும் தில்லி எய்ம்ஸ் மாணவரின் வரைவும் படிப்பவர் கண்ணுக்கு வெறும் வரைவுகளே. பல்லாண்டு உழைப்பையும் பெருந்தொகையையும் கோரும் மூத்த ஆய்வாளர்களின் விண்ணப்பங்களில் பெயர், நிறுவனம், முந்தைய வெளியீடுகள் எல்லாம் முன்பக்கங்களிலேயே இருக்கின்றன.