கொட்டிவிட்ட நீலப் பொடி

மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு நினைவு வந்தது நம் வேதியியல் ஆய்வுக்கூடத்துத் தொட்டிதான். இறுதியாண்டு புராஜெக்டுக்காக, அமிலத்தில் அனிலினைக் கரைத்து அம்மோனியம் பெர்சல்பேட் சேர்த்து, பாலிஅனிலின் என்ற கரும்பச்சைப் பொடியைத் தயாரித்தேன். "சுத்தமா இருக்கட்டுமே" என்று அம்மோனியாவில் கழுவினேன். நீலமாகிவிட்டது! வில்லையாக அழுத்தி மல்டிமீட்டரை வைத்தால் கரண்டே போகவில்லை. கெட்டுப்போச்சு என்று அத்தனையையும் கொட்டிவிட்டேன்.

"ஏம்ப்பா ஜெயமங்கலம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? திரும்ப அமிலத்துல போட்டிருந்தா பச்சையாயிருக்கும், கரண்டும் போயிருக்கும்" என்றார் சார். அந்த வெட்கத்தில்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1862-லேயே லண்டனில் ஹென்றி லெத்பி அனிலினிலிருந்து இத்தகைய படிவை எடுத்திருக்கிறார். ஆனால் திருப்பம் வந்தது வேறொரு பாலிமரில். 1967-ல் டோக்கியோவில் ஷிரகாவாவின் ஆய்வுக்கூடத்தில் பாலிஅசெட்டிலீன் செய்கையில், தவறுதலாக வினையூக்கி ஆயிரம் மடங்கு கூடிப்போனது. பொடிக்குப் பதில் பளபளப்பான படலம் வந்தது. அவர் அதைக் கொட்டவில்லை, ஆராய்ந்தார். 1976-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெக்டயார்மிட், ஹீகருடன் சேர்ந்து அந்தப் படலத்தின் மேல் புரோமின், அயோடின் போன்ற ஆவிகளைப் படவிட்டார். மின்கடத்துதிறன் கோடி மடங்கு வரை ஏறியது! 1977-ல் முடிவுகள் வெளியாயின. 2000-ல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு.

எப்படிக் கடத்துகிறது? பெரியகுளத்திலிருந்து எங்கள் ஊர் வரும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கியடித்து நிற்கையில் யாரும் நகர முடியாது. ஒருவர் இறங்கினால் அடுத்தவர் அந்த இடத்துக்கு நகர்வார். அவர் இடத்துக்கு இன்னொருவர். பாலிமர் சங்கிலியிலும் அயோடின் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ள, காலியிடம் சங்கிலி வழியே நகர்கிறது. இதுதான் டோப்பிங். பாலிஅனிலினுக்கோ அமிலம் தரும் புரோட்டானே போதும். அம்மோனியாவில் நான் கழுவி விட்டது அழுக்கை அல்ல, அந்தப் புரோட்டானை!

நம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும், பாலிஅனிலின் கலந்த பூச்சால் இரும்பைத் துருவிலிருந்து காக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, எதிர்பாராமல் நிறம் மாறிய பொடியை உடனே கொட்டிவிடாதீர்கள். என்னென்ன, எவ்வளவு சேர்த்தோம் என்று புட்டியில் எழ்தி ஒட்டி, சாரிடம் காட்டுங்கள். நான் அதைச் செய்யவில்லை.