மறந்த கடவுச்சொல்லும் சாட்சி சொல்வோரும்

திருப்போரூர் வட்டத்தில், சிறுசேரி சிப்காட் வளாகத்தின் மென்பொருள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் கடவுச்சொல்லைத் தட்டியே தம் உத்தியோகத்தைத் தொடங்குகின்றனர். 2018 பிப்ரவரியில் தமிழகமெங்கும் பத்திரப்பதிவு இணையவழிக்கு மாறியபின், நிலம் விற்கவும் வாங்கவும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரும் குடியானவர்களையும் அந்த நிர்ப்பந்தம் வந்து சேர்ந்தது. 'பாஸ்வேர்டு மறந்துபோச்சு' என்பது இவ்விரு சாராருக்கும் பொதுவான சங்கடம். மறந்து நிற்பவர் அவரேதான் என்று சாட்சி சொல்லத் தக்கவர் யார் என்ற கேள்விக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளே இதன் சரித்திரம் என்பது என் துணிபு.

ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறை, 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவாகியபோது, கடவுச்சொற்கள் யாவும் ஒரே கோப்பில் எழுதியது எழுதியபடியே கிடந்தன. ஆகையால் மறந்தவருக்கு, அவரை முகமறிந்த நிர்வாகி கோப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவது சாத்தியமாயிருந்தது. அந்தச் சௌகரியமே ஆபத்துமாயிற்று. 1962-ல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், அக்கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டையில் விண்ணப்பம் போட, மறுவார்த்தையின்றி அது அச்சாகி அவர் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் நேர்ந்ததோ இதனினும் விபரீதம்: ஒருவர் கடவுச்சொற் கோப்பையும் மற்றொருவர் அன்றைய அறிவிப்பையும் ஒரே சமயத்தில் திருத்தியதால் இரண்டின் தற்காலிகப் பிரதிகளும் இடம் மாறிப்போக, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாகச் சகலருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன.

இதற்குப் பரிகாரம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தது. சொல்லை அப்படியே வைத்திராமல், திரும்பி வர வழியில்லாத ஒரு கணக்கில் அதை மாற்றி, விளைந்ததை மட்டும் வைத்திருப்பது ராஜர் நீதம் கண்ட உபாயம். அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாதவாறு, அதிலிருந்து மூலச்சொல்லை நிர்வாகியாலும் எடுக்க முடியாது. யூனிக்ஸ் முறைமைக்காக இவ்வழியைச் செப்பனிட்ட ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-ல் வெளியிட்ட கட்டுரையில், தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் நூற்றுக்கு 86 எளிதில் ஊகிக்கத்தக்கவையாயிருந்ததைக் காட்டி, ஒவ்வொரு சொல்லோடும் தற்செயலான ஓர் எண்ணைக் கலந்து கணக்கிடும் வழக்கத்தையும் விவரித்தனர். இதன்பின் மறந்ததை மீட்பது என்பது ஒழிந்து, புதிதாக ஒன்றை வைத்துக்கொள்வது மட்டுமே எஞ்சியது. இன்றும் ஒரு தளம் நம் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பிவைக்குமானால், அதன் நிர்வாகம் 1961-ஐ விட்டு நகரவில்லை என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

கணிப்பொறி மேசைக்கு வந்தபோது, அதைக் கைவசம் வைத்திருப்பதே சாட்சியாயிற்று; யந்திரத்தை நிறுத்தித் தனிப்பயனர் நிலையில் துவக்கினால் நிர்வாகியின் கடவுச்சொல்லையே மாற்றிவிடலாம். வட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் வழக்கம் பரவியபின் அவ்வாசலும் அடைபட்டது. விண்டோஸின் பிட்லாக்கரில் 48 இலக்க மீட்பு எண்ணும் தவறிப்போனவருக்குக் கணிப்பொறி மிஞ்சும், கோப்புகள் மிஞ்சா.

முகம் காணாத இணையத்தில், அந்தரங்கக் கேள்விகள் சாட்சிகளாயின. தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் யாது என்ற பிரசித்தமான கேள்வி, குடும்பப்பெயரே வழங்காமல் தந்தையின் அல்லது கணவரின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதும் தமிழ்க் குடும்பத்துக்குப் பொருந்துவதே இல்லை. எதையோ எழுதிவைத்தவர் அந்த எதையோவையும் மறக்கிறார். பொருந்துமிடத்திலும் அது காவலாகவில்லை. 2008-ல் அமெரிக்க உபஜனாதிபதி வேட்பாளர் சாரா பேலினின் யாகூ அஞ்சற்கணக்கு, பிறந்த தேதி, கணவரைச் சந்தித்த இடம் முதலிய பகிரங்கமான விவரங்களைக் கொண்டே திறக்கப்பட்டது.

பிறகு அந்தப் பொறுப்பு கைப்பேசிக்கு வந்தது. இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்கு இரண்டாம் உறுதிப்பாடு வேண்டுமென ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியபின், நாளடைவில் ஓடிபி என்ற மூன்றெழுத்து படியாதவர் நாவிலும் புழங்கலாயிற்று. திருப்போரூரில் நான் கண்ட ஒரு பத்திர எழுத்தர் கடையில், வாடிக்கையாளரின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் நீள நோட்டொன்றில் நீலமையில் எழுதப்பட்டிருந்தன. சொந்தக் கைப்பேசி இல்லாத முதியோரின் கணக்குகளில் கடைக்காரரின் எண்ணே பதிவாகியிருந்தது. கோர்பட்டோ காலத்து நிர்வாகியின் ஸ்தானத்தில் இப்போது அவர் இருக்கிறார். வித்தியாசம், அவரை அப்பதவிக்கு ஒருவரும் நியமிக்கவில்லை. அவரும் எண்ணை மாற்றிவிட்டால்? துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம் என்பது தொலைத்தொடர்பு ஏற்பாடு. ஓடிபி அந்த அந்நியரிடம் போகும். இதை நான் கேட்டபோது, வேறு எண்ணில் புதுக் கணக்கு ஒன்று திறந்துகொள்ள வேண்டியதுதான் என்றார் அவர், நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டியபடி.