தேய்ந்த திருகு நீக்கம் (ரிமோட் கார்)

ரிமோட் கார்களில் தலை தேய்ந்து, ஆலன் சாவி பிடிக்காமல் வழுக்கும் திருகைக் கழற்றும் முறை. பொழுதுபோக்கு வண்டிகளில் 3 மி.மீ. அறுகோணக் குழித் திருகுகளே மிகுதி. குவிந்த தலைக்கு 2 மி.மீ. சாவி, மோட்டார் பினியனை (சிறு பல்சக்கரத்தை) பிடிக்கும் தலையில்லாத் திருகுக்கு 1.5 மி.மீ. சாவி. பெரும்பாலும் முனை மழுங்கிய மலிவுச் சாவிதான் குற்றவாளி.

உலோகத்தில் இறுகியதற்கு முதல் மருந்து சூடு: சால்டரிங் அயர்னைத் தலையில் வைத்தால் திரெட் லாக்கர் பசை இளகும். நைலான் சேசிஸில் இதை நீட்டித்தால் துளையே உருகிக் கெடும். அடுத்து, குழியைவிடச் சற்றே பெரிய டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட்டைத் தட்டி இறக்கித் திருப்பலாம். பினியன் திருகுக்கு இதுவே நம்பகமானது, ஆனால் மோட்டார் தண்டு வளையாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். தலை வெளியே துருத்தினால் சிறு வெட்டுச்சக்கரத்தால் பிளவு கீறித் தட்டைத் திருப்புளி போடலாம். கடைசி வழி, தலையைத் துளைத்து அகற்றி, மிஞ்சும் திருகுத் தண்டைக் குறடால் சுழற்றுவது.