குழியும் ஒரு சாசனம்

ஏட்டில் இடம்பெறாத மக்களின் வாழ்வை எங்கே தேடுவது? இங்கிலாந்தின் யார்க் நகரம் இதற்கொரு விடை தருகிறது.

அந்நகரின் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை அகழாய்வு நடைபெற்றது. அப்பெயரிலுள்ள ‘கேட்’ வாயிலைக் குறிப்பதன்று; தெருவைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல். கிண்ணம் கடைவோர் தெரு என்பதே முழுப்பொருள். மரக் கடைசல் கழிவுகள் அங்குக் கிடைத்தமை பெயருக்குச் சான்றாயிற்று. தொழிலின் நினைவைச் சொல் காத்தது. உணவின் தடயத்தையும் நோயின் தடயத்தையும் காத்தவை பத்தாம் நூற்றாண்டின் மலக்குழிகள்.

ஈரம் நிறைந்து காற்றுப் புகாத மண்ணில் பொருள்கள் எளிதில் மக்குவதில்லை. அம்மண்ணைச் சலித்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது தவிடு, ஆப்பிள் விதை, காட்டுப் பிளம் கொட்டை, துடைக்கப் பயன்பட்ட பாசி ஆகியவை தென்பட்டன. சாட்டைப்புழு, உருளைப்புழு ஆகியவற்றின் முட்டைகளும் இருந்தன. பன்றியின் சாட்டைப்புழு முட்டையும் மனிதனுடையதைப் பெரிதும் ஒத்தது. ஆதலால் முட்டையின் அளவு, உடன் கிடைக்கும் உணவெச்சம், பாசி ஆகியவற்றைச் சேர்த்து நோக்கியே மனிதக் கழிவெனத் துணிவர். சொல்லின் பொருளைச் சூழல் கொண்டு துணிவதை ஒத்தது இம்முறை.

தவிட்டோடு கார்ன்காக்கிள் என்னும் நச்சுக்களையின் விதைத்துணுக்குகளும் கலந்திருந்தன. வயலில் தானியத்தோடு வளர்ந்த அக்களையின் விதை, பிரிக்கப்படாமல் உடன் அரைபட்டு அன்றாட ரொட்டியில் சேர்ந்திருக்கிறது.

துறவியரின் ஆண்டுக்குறிப்புகள் வைக்கிங்கரைப் பெரிதும் கொள்ளையராகவே காட்டுகின்றன. குழிகளோ, நஞ்சு கலந்த ரொட்டியை உண்டு, குடற்புழுவோடு உழைத்த கைவினைஞரைக் காட்டுகின்றன. மொழி வரலாறு எழுதுவோரும் ஏடுகளோடு நின்றுவிடலாகாது. எழுதாதோர் நாவில் வழங்கிய சொற்களையும் தேடிச் சேர்த்தல் வேண்டும்.