விரல் நோவும் கீழைநாட்டு மருத்துவ மரபும்

எழுதுவோர்க்கும் நெய்வோர்க்கும் உழுவோர்க்கும் விரல்களே முதற்கருவி. கைவிரல் மூட்டுக்கள் நோவுறின் தொழில் தடைப்படும். கால்விரல் நோவுறின் நடை தளரும். ஆதலின் இந்நோவைத் தணிக்கும் வழிகளைப் பண்டை மக்கள் நாடியமை வியப்பன்று. அவ்வழிகளுள் அழுத்துதல், ஆசனம் என்னும் இரண்டும் வளர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து, அவற்றின் பயனும் எல்லையும் ஒருங்கே புலனாகும்.

வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை உடலில் 107 மர்மங்களைக் குறிப்பிடுகின்றது. கையிற் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலும், காலிற் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலும் அமைந்தது 'சிப்பிரம்' என்னும் மர்மம். ஆங்குக் காயமுறின் வலிப்புத் தோன்றி உயிர் நீங்கும் என்பது அந்நூலின் எச்சரிக்கை. சீன மருத்துவரோ, ஏறக்குறைய அவ்விடங்களையே கையில் 'கெகு' எனவும் காலில் 'தைசுங்' எனவும் பெயரிட்டு, நோவு தீர்க்கும் புள்ளிகளாகக் கொண்டனர். ஒரு நாட்டார் காக்கவேண்டிய இடமெனக் கண்டதை மற்றொரு நாட்டார் மருந்துக்குரிய இடமெனக் கண்டனர். தமிழ்ச் சித்த மருத்துவத்தின் வர்மக்கலையில் இவ்விரு நோக்கும் ஒருங்கே அமைந்துள்ளன; தாக்கினால் விளையும் தீங்கும், தடவி இளக்கும் முறையும் அதன்கண் உரைக்கப்படும்.

சீனத்தின் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று 1973இல் அகழப்பட்டது. அங்குக் கிடைத்த பட்டு ஏடுகளுள் உடலின் நாடிவழிகளைக் கூறுவனவும், 44 உருவங்கள் உடற்பயிற்சி செய்யும் ஓவியமும் இருந்தன. அழுத்துதலும் அசைத்தலும் தொன்றுதொட்டே அயலவாய் நின்றன என்பதற்கு இது சான்றாகும். பின்னர் 1027இல் வாங் வெய்யி என்னும் மருத்துவர் புள்ளிகள் பொறித்த வெண்கல உருவங்களை வார்ப்பித்தார். மாணவர் கற்பதற்கு அவை துணையாயின.

அழுத்துமுறை யப்பானிற் புத்துருப் பெற்றது. தொக்குசிரோ நமிகோசி என்பவர், ஒக்கைடோத் தீவில் தம் தாயாரை வருத்திய மூட்டுவாதத்தைத் தணிக்க இளமையிலேயே விரலால் அழுத்திப் பழகினார் என்பர். 1925இல் அவர் முரோரான் நகரில் மருத்துவ நிலையம் நிறுவினார். 1940இல் தோக்கியோவிற் கல்லூரி தொடங்கினார். 'சியாட்சு' என்னும் பெயருக்கு விரலழுத்தம் என்பதே பொருள்.

யோகத்தை ஆய்வுக்கூடத்திற் புகுத்தியவர் சுவாமி குவலயானந்தர். அவர் 1924இல் உலோணாவலாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். பின்னர் 1994இல் அமெரிக்க ஆய்வாளர் யோகப் பயிற்சியினாற் கைவிரல் மூட்டுத்தேய்வின் நோவும் நலிவும் குறைந்தமையை அறிவித்தனர். 1998இல் வெளியான மற்றோர் ஆய்வில், மணிக்கட்டு நரம்பு நெருக்குண்டு கை நொந்த 42 பேருள் ஒரு சாரார் எட்டு வாரம் ஆசனம் பயின்றனர். அவர்தம் பிடிவலிமை மிகுந்தது, நோவு குறைந்தது. இவ்விரண்டும் சிறு ஆய்வுகளே. ஆதலின் இவற்றையே முடிந்த முடிபெனக் கொள்ளல் பொருந்தாது.

மரபும் தன் எல்லையை அறியாததன்று. கருவுற்ற மகளிர்க்குக் கெகுவை அழுத்துதல் ஆகாதென அது விலக்கும். சிவந்து வீங்கி வெம்மையுற்ற மூட்டு யூரிக் அமிலத்தாலோ, மூட்டழற்சியாலோ, நச்சுக்கிருமியாலோ நோவுறலாம். ஆங்கு அழுத்தமும் வளைத்தலும் தீங்கே பயக்கும். மருத்துவரை நாடுதலே முறை. வேலையால் இறுகிய விரலுக்கோ, மெல்லிய அழுத்தமும் அளவான நீட்டலும் ஆறுதல் தரவல்லன.

முன்னோர் கைப்பட அறிந்தவற்றை இகழ்தலும் அறிவன்று. ஆராயாது போற்றுதலும் அறிவன்று. உரிய இடத்தையும் உரிய அளவையும் ஆய்ந்து கைக்கொள்ளுதலே அம்மரபிற்குச் செய்யும் உண்மையான மதிப்பாகும்.