அத்திவாரம் வெட்டுமுன்

1954 இல் லண்டன் நகரின் நடுவே, குண்டுவீச்சில் அழிந்த ஒரு காணியில் ரோமர் காலத்து மித்ரா கோயில் வெளிப்பட்டது. லட்சக்கணக்கில் சனம் வந்து பார்த்தது. ஆனாலும் கோயிலைப் பெயர்த்தெடுத்துவிட்டு அலுவலகக் கட்டடம்தான் எழுந்தது.

1990 இல் இங்கிலாந்தின் திட்டமிடல் வழிகாட்டி மாறியது. கட்டுபவரே முதலில் பழைய வரைபடம் பார்த்து, தேவையென்றால் சோதனைக் குழி வெட்டி, நிலத்துக்கடியில் என்ன இருக்கிறதென்று காட்ட வேண்டும். செலவும் அவருடையதே. அதே காணியை 2010 க்குப் பிறகு புளூம்பெர்க் நிறுவனம் மீளக் கட்டியபோது, ஈரச் சேற்றுக்குள் 400 க்கும் மேற்பட்ட ரோமர் எழுத்துப் பலகைகள் கிடைத்தன. ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 ஆம் திகதியிட்ட கடன் பத்திரம்! (கடனின் ஆயுளைப் பாருங்கள்.)

நமது நாட்டிலும் 0.25 ஹெக்டேயருக்கு, அதாவது சுமார் 99 பேர்ச்சுக்கு, மேற்பட்ட காணியில் அபிவிருத்தி வேலை என்றால் தொல்லியல் தாக்க மதிப்பீடு தேவை. நமது பழைய கடைத்தெருக் காணிகளோ பத்து, பதினைந்து பேர்ச். அங்கே ஜேசிபி இறங்கினால் கேட்க ஆளில்லை. ஏதும் கிடைத்தால் அறிவிக்க வேண்டும் என்று 1940 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காணி பறிபோய்விடும் என்ற பயத்தில் ஓட்டுத்துண்டுகளை மண்ணோடு லொறியில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாம் இங்கே எத்தனை தலைமுறையாக வாழ்கிறோம் என்பதற்கான சாட்சியும் அதே லொறியில்தான் போகிறது.