தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் 'நல்ல பிள்ளை'

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தது. பள்ளிக்கூடமும் துரையுடையது, வாத்தியாரின் சம்பளமும் துரையுடையது. அங்கே 'நல்ல பிள்ளை' என்றால் யார்? கைகட்டி நிற்கிற பிள்ளை. வயசு வந்ததும் பேசாமல் கொழுந்தெடுக்கவோ புல்லுவெட்டவோ போகிற பிள்ளை. ஒழுக்கம் என்ற பெயரில் கீழ்ப்படிவைத்தான் பழக்கினார்கள்.

அந்த அர்த்தத்தை மாற்றியவர்களும் வாத்தியார்மார்தான். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து ஆசிரியராக இருந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனார். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் எங்கட ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்த அவமானத்துக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் பாடத்தோடு சேர்த்து இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தார்: 'நாங்கள் மலையகத்தார்' என்று கூச்சமில்லாமல் சொல்வது. தன்மானமும் ஒழுக்கம்தான் என்பதை ஒரு தலைமுறை அப்படித்தான் படித்தது.

1970களின் கடைசியிலிருந்து தோட்டப் பள்ளிக்கூடங்கள் படிப்படியாக அரசாங்கத்திடம் வந்தன. ஆனாலும் கேள்வி கேட்கிற பிள்ளையை 'வாயாடி' என்று உட்காரவைக்கிற பழக்கம் முழுசாகப் போகவில்லை. துரை விரும்பிய அந்த 'நல்ல பிள்ளை'யை நாங்கள் இன்னும் ஏன் தேடவேண்டும்?